9 வெற்றி, 7 தோல்வி, ஒரு சூப்பர் பவுல்: 2011 நியூயார்க் ஜயன்ட்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் 2011 நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கேட்பவர்களும் சளைக்காமல் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியே பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இந்த விளையாட்டே தெரியாதவர்களும் படிக்கலாம். வேண்டிய விதிகளைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

அப்படி என்ன விசேஷம் இந்த அணிக்கு?

லீக் சுற்றின் 16 ஆட்டங்களில் 9-ல் வென்று 7-ல் தோற்ற அணி இது. அடித்த புள்ளிகள் 394, வாங்கிக்கட்டிக்கொண்டவை 400. கிரிக்கெட் கணக்கில் சொன்னால் நெட் ரன் ரேட் மைனஸில் கிடந்த அணி. அதே அணிதான் 2012 பிப்ரவரி 5 அன்று இண்டியானாபோலிஸ் நகரில், லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்று கோப்பையைத் தூக்கியது. அதற்கு முன் 9-7 என்ற கணக்கோடு சூப்பர் பவுல் வென்றவர்கள் கிடையாது. அடித்ததைவிட அதிகமாக வாங்கிய அணியும் அதுவரை வென்றதில்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த ஆண்டு வெறும் 5 ஆட்டங்கள் மட்டுமே வென்ற வாஷிங்டன் அணியிடம் ஜயன்ட்ஸ் இரண்டு முறை மோதி இரண்டு முறையும் தோற்றது. 13 ஆட்டங்கள் வென்ற நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியோடும் இரண்டு முறை மோதியது, இரண்டிலும் வென்றது. இந்த இரண்டு வரிகளுக்குள் அந்த சீசன் மொத்தமும் அடங்கிவிடும். ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது.

7 ஆட்டம் தோற்ற அணியை பிளேஆஃபில் எப்படிச் சேர்த்தார்கள்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்-இல் 32 அணிகள். நான்கு நான்காக எட்டுப் பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்தால் போதும், கணக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும், லீக் சுற்றுக்குப் பிறகு நடக்கும், தோற்றால் வெளியே என்ற பிளேஆஃபில் இடம் உண்டு. முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடும் சலுகையும் உண்டு. ஜயன்ட்ஸ் இருந்த பிரிவில் அந்த ஆண்டு யாருமே சரியாக ஆடவில்லை. டல்லாஸ் 8-8, ஃபிலடெல்ஃபியா 8-8, வாஷிங்டன் 5-11. அந்தக் கூட்டத்தில் 9-7 முதல் மதிப்பெண் ஆகிவிட்டது. 10 ஆட்டங்கள் வென்ற அட்லாண்டா, 9 வென்ற ஜயன்ட்ஸின் வீட்டுக்குப் பயணப்பட்டு வந்து ஆட வேண்டியிருந்தது. அநியாயம் என்பவர்கள் உண்டு. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது என் பதில்.

சீசன் தொடங்கும்போது யாராவது இவர்களை நம்பினார்களா?

பெரிதாக இல்லை. அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூலை இறுதிவரை முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பளப் பங்கீட்டில் தகராறு. வீரர்களை அணி வளாகத்துக்குள்ளேயே விடவில்லை. கதவு திறந்ததும் அவசர அவசரமாக ஆள் பிடிக்கும் வேலை நடந்தது. எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் நம்பகமான ரிசீவர் ஸ்டீவ் ஸ்மித், பரம எதிரியான ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்ற ஷான் ஓஹாரா, ரிச் சூபர்ட் இருவரையும் அணியே அனுப்பிவிட்டது. அதன் பிறகு காயங்கள் வரிசை கட்டின. டெரல் தாமஸுக்கு முழங்கால், லைன்பேக்கர் ஜோனதன் காஃபுக்கு முழங்கால், கல்லூரி வீரர்களை அணிகள் எடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுத்த புதியவர் பிரின்ஸ் அமுகமாராவுக்குப் பாதத்தில் எலும்பு முறிவு. மூவருமே தற்காப்பு ஆட்டக்காரர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இந்தச் சமயம் பார்த்து, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் ஒரு வானொலிப் பேட்டியில் வாயைக் கொடுத்தார். "நீங்கள் டாம் பிரேடி தரத்தில் இருப்பவரா?" என்ற கேள்விக்கு (பிரேடி, பேட்ரியட்ஸின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக்), ஆமாம், அந்த வகுப்பில்தான் என்னை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். முந்தைய ஆண்டு எதிரணி கையில் 25 பந்துகளைக் கொடுத்த மனிதர் அவர். ஊரே சிரித்தது.

முதல் பாதியில் 6-2 என்று இருந்தார்களே, அது நல்ல அணிக்கு அடையாளம் இல்லையா?

பட்டியலில் பார்த்தால் நல்ல அணிதான். ஆட்டங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். செப்டம்பர் 11 அன்று வாஷிங்டனில் 28-14 என்று தோற்றுத்தான் தொடங்கினார்கள். அரிசோனாவில் 31-27, பஃபலோவுடன் 27-24, அதுவரை ஓர் ஆட்டம்கூட வெல்லாத மயாமியுடன் 20-17 என்று எல்லாமே மூச்சுப் பிடித்து வாங்கிய வெற்றிகள். நடுவில் சியாட்டிலிடம் சொந்த மைதானத்திலேயே 36-25 தோல்வி. அதில் கடைசி நேரத்தில் எதிரணிக்காரர் ஒருவர் ஈலையின் பந்தைப் பறித்துக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினார்.

உண்மையிலேயே பெரிய வெற்றி ஒன்றுதான்: நவம்பர் 6, நியூ இங்கிலாந்து. லீக் சுற்றில் 20 ஆட்டங்களாகச் சொந்த மைதானத்தில் தோற்காத அணி அது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது பேட்ரியட்ஸ் 20-17 என்று முந்தியது. ஈலை 80 யார்டு நடத்திக்கொண்டு போய், 15 விநாடி மிச்சம் இருக்கையில் ஜேக் பேலார்டுக்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) போட்டார். 24-20. வானொலிப் பேட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்றிரவு கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள்.

பிறகு தொடர்ந்து நான்கு தோல்வி. என்ன ஆயிற்று?

நான்கும் ஒரே வகைத் தோல்வி இல்லை. அதனால்தான் அதைச் சகிக்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 27-20. கடைசி முயற்சியில் ஈலை எறிந்த பந்தை எதிரணியின் ஜஸ்டின் ஸ்மித் கோட்டிலேயே கையால் தட்டிவிட்டார். இதை மானமுள்ள தோல்வி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஃபிலடெல்ஃபியா, மாற்று ஆட்டக்காரர் வின்ஸ் யங்கை வைத்துக்கொண்டு 17-10 என்று வென்றது. கடைசிக் கட்டத்தில் 18 ஆட்டநகர்வுகள் கொண்ட ஒரே தொடரில் 80 யார்டு நகர்ந்து நேரத்தையும் தின்று தீர்த்தார்கள். என் கணக்கில் அந்த ஆண்டின் வெட்கக்கேடான இரவுகளில் இதுவும் ஒன்று. அதற்கடுத்து நியூ ஆர்லியன்ஸில் 49-24. அது தோல்விகூட இல்லை, துவைத்துக் காயப்போட்டது. நான்காவது, அதுவரை ஒன்றிலும் தோற்காத கிரீன் பே பேக்கர்ஸ். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது ஜயன்ட்ஸ் 35-35 என்று சமன் செய்தது. பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு அந்த ஒரு நிமிடமே அதிகம். கடைசி விநாடியில் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி), 38-35.

6-2 இருந்தது 6-6 ஆகிவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, இங்கே ஏறியதும் முழம், சறுக்கியதும் முழம்.

திருப்புமுனை எந்த ஆட்டம்? டல்லாஸா, ஜெட்ஸா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் சண்டை வரும். இரண்டையும் சொல்கிறேன்.

டிசம்பர் 11, டல்லாஸ் மைதானம். ஐந்து நிமிடம் 41 விநாடி பாக்கி, டல்லாஸ் 34-22 என்று முன்னிலை. அங்கே தோற்றிருந்தால் 6-7, பிரிவில் எழுந்திருக்கவே முடியாது. ஜயன்ட்ஸ் ஒரு டச்டவுன் அடித்து 34-29 ஆக்கியது. அடுத்து டல்லாஸ் கையில் பந்து. மைல்ஸ் ஆஸ்டின் தன்னைக் காத்தவரைத் தாண்டி வெகு தூரம் தனியாக ஓடிவிட்டார். டோனி ரோமோ எறிந்த பந்து அவர் விரலுக்கு எட்டாமல் போனது. மைதான விளக்கு வெளிச்சத்தில் பந்து கண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்றார் ஆஸ்டின். அது கையில் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. 46 விநாடி இருக்கையில் ஜயன்ட்ஸின் பிராண்டன் ஜேக்கப்ஸ் உள்ளே நுழைந்தார். கூடுதல் இரண்டு புள்ளிகளும் கிடைத்து 37-34.

இன்னும் முடியவில்லை. டல்லாஸ் கிக்கர் டான் பெய்லி 47 யார்டு உதையைச் சரியாகக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினார். ஆனால் அதற்குச் சற்று முன்பே ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டிருந்தார். மறுபடி உதைக்க வேண்டும். இந்த முறை ஜேசன் பியர்-பால் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு என்ன செய்வார்கள்? அடுத்த வாரமே வாஷிங்டனிடம் சொந்த மைதானத்தில் 23-10 என்று தோற்றார்கள், ஈலை மூன்று பந்துகளை எதிரணிக்குக் கொடுத்தார். 7-7. அதனால்தான் டல்லாஸ் ஆட்டத்தைத் திருப்புமுனை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. திருப்பம் என்றால் திரும்பிய பிறகு நேரே போக வேண்டும் அல்லவா?

டிசம்பர் 24, ஜெட்ஸ். நியூஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு நியூயார்க் அணிகள். அன்று அட்டவணைப்படி ஜெட்ஸ்தான் வீட்டுக்காரர். ஜயன்ட்ஸ் உடைமாற்றும் அறைக்கு வெளியே இருந்த பழைய சூப்பர் பவுல் வெற்றிச் சின்னங்களைக் கருப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பங்காளிச் சண்டை என்றால் சும்மாவா? இரண்டாவது கால்பகுதியில் ஜெட்ஸ் 7-3 என்று முன்னிலை. ஜயன்ட்ஸ் தன் ஒரு யார்டு கோட்டில் முடங்கிக் கிடந்தது. ஈலை போட்டது ஒரு சின்னப் பாஸ். விக்டர் க்ரூஸ் அதைப் பிடித்து இருவரிடமிருந்து வழுக்கிக்கொண்டு 99 யார்டு ஓடினார். அதைவிட நீளமான பாஸ் டச்டவுன் விதிப்படியே சாத்தியமில்லை. ஜயன்ட்ஸ் 29-14. அதற்குப் பிறகு அந்த ஆண்டு அவர்கள் தோற்கவே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

விக்டர் க்ரூஸ் எங்கிருந்து வந்தார்?

மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பேட்டர்சன் நகரத்துப் பையன். 2010 தேர்வில் ஏழு சுற்றுகள் நடந்தும் 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. முதல் ஆண்டு காயம், லீக் சுற்றில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. 2011-லும் முதலில் அவரை நம்பாமல் அனுபவசாலி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மூன்றாவது வாரம் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு டச்டவுன் அடித்ததோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆண்டு முடிவில் 82 பந்துகள், 1,536 யார்டு. அணியின் அதுவரையான வரலாற்றில் எந்த ரிசீவரும் எட்டாத தூரம். டச்டவுன் அடித்ததும் அவர் போடும் சல்சா ஆட்டம், பாட்டி சொல்லிக்கொடுத்தது.

பயிற்சியாளர் காஃப்லின் கண்டிப்பானவராமே?

ஐந்து நிமிடம் முன்னால் வந்தால்தான் சரியான நேரத்துக்கு வந்ததாக அர்த்தம் என்பவர் டாம் காஃப்லின். அணி வளாகத்துக் கடிகாரங்களே ஐந்து நிமிடம் வேகமாக ஓடும். மேலே சொன்ன டல்லாஸ் ஆட்டத்தில், சீசனே தொங்கிக்கொண்டிருக்கும்போது, காயத்திலிருந்து முந்தைய வாரம்தான் திரும்பியிருந்த முதன்மை ஓட்டக்காரர் அஹ்மட் பிராட்ஷாவை முதல் பாதி முழுக்க உட்கார வைத்தார். காரணம், முந்தைய இரவு விடுதிக்கு நேரத்துக்குத் திரும்பவில்லை. இதைக் கேட்டுவிட்டுச் சிலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 7-7 ஆனபோது அவர் வேலை போய்விடும் என்ற பேச்சும் கிளம்பியது. கோப்பையை வாங்கியபோது அவருக்கு வயது 65. அதுவரை சூப்பர் பவுல் வென்ற பயிற்சியாளர்களில் மூத்தவர்.

ஈலை மேனிங் நல்ல ஆட்டக்காரரா, சுமாரா? ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அவருடைய முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. 2011-க்கு மட்டும் சொல்கிறேன்: நல்லவர் இல்லை, மிக நல்லவர். 4,933 யார்டு, 29 டச்டவுன். அதில் 15 டச்டவுன் கடைசிக் கால்பகுதியில் வந்தவை, அது லீகின் சாதனை. இதையெல்லாம் ஓட்டமே இல்லாத அணியை வைத்துக்கொண்டு செய்தார். தரையில் ஓடிச் சேர்த்த தூரத்தில் ஜயன்ட்ஸ் 32 அணிகளில் 32-வது, ஆட்டத்துக்குச் சராசரி 89 யார்டு. பாஸ்தான் வரும் என்று எதிரணிக்குத் தெரிந்தும் பாஸ் போட்டு வென்ற ஆண்டு அது.

16 பந்துகளை எதிரணிக்குத் தந்தார் என்பதும் உண்மை. அவர் முகத்தைப் பார்த்தால் எது டச்டவுன், எது தவறு என்று கண்டுபிடிக்க முடியாது. நியூயார்க் பத்திரிகைகளுக்கு அந்த முகம் பிடித்ததே இல்லை.

கடைசி ஆறு ஆட்டங்களில் என்னதான் மாறியது?

இதற்கு எல்லாரும் வைத்திருக்கும் பதில் "உத்வேகம்". ஜெட்ஸ் ஆட்டத்துக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர் வந்து "எல்லாவற்றையும் பணயம் வை" என்று பேசினார், வீரர்களுக்குச் சூதாட்ட வில்லைகள் கொடுத்தார், அணி எழுந்து நின்றது என்பார்கள். நடந்தது உண்மைதான், அந்த வாசகம் அணியின் முழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் எனக்கு எண்கள் வேறு சொல்கின்றன.

முதல் 14 ஆட்டங்களில் ஜயன்ட்ஸ் அடித்தது 334 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சுமார் 24. கடைசி ஆறில், அதாவது லீகின் கடைசி இரண்டும் பிளேஆஃப் நான்கும் சேர்த்து, 162. ஆட்டத்துக்கு 27. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வாங்கியதைப் பாருங்கள். முதல் 14-ல் 372, ஆட்டத்துக்கு 26-க்கு மேல். கடைசி ஆறில் மொத்தமே 84, ஆட்டத்துக்கு 14. பாதியாகிவிட்டது. எதிரில் நின்றவர்களோ ராட்ஜர்ஸ், பிரேடி போன்றவர்கள்.

ஆக, இந்த அணியின் தாக்குதல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. வாஷிங்டனுடனான இரண்டு ஆட்டங்களும் ஃபிலடெல்ஃபியாவின் அந்த இரவும் விதிவிலக்கு. அவற்றில் ஈலையும் கூட்டமும் படுத்தேவிட்டார்கள். மற்றபடி ஏறி இறங்கியது தற்காப்பு. அது ஏறி இறங்கியதற்குக் காரணம் மருத்துவ அறிக்கை. இந்த அணியின் தற்காப்பு, முன்னால் நிற்கும் நால்வர் எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதை நம்பிக் கட்டப்பட்டது. அவர்கள் துரத்தினால் பின்னால் நிற்பவர்கள் சுமாராக இருந்தாலும் தெரியாது. துரத்தாவிட்டால் 49 புள்ளிதான். கணுக்கால் உள்ளிட்ட காயங்களால் ஓசி உமென்யோரா 16 ஆட்டங்களில் 9-ல் மட்டுமே ஆடினார். ஜஸ்டின் டக்குக்குக் கழுத்து, தொடையிடுக்கு என்று மாறி மாறி வலி. நடு மாதங்களில் பாரம் முழுக்க இரண்டாம் ஆண்டு இளைஞர் பியர்-பால் தலையில், அவரும் 16.5 முறை (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை) எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைத் தரையில் கிடத்தினார். டக் தேறி வந்தார், உமென்யோரா டல்லாஸுடனான கடைசி லீக் ஆட்டத்துக்குத் திரும்பினார். மூவரும் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் பின்வரிசையின் ஓட்டைகள் மறைந்துவிட்டன.

சூதாட்ட வில்லையைவிடக் குணமான கணுக்காலில்தான் எனக்கு நம்பிக்கை.

பிளேஆஃப் ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2012 ஜனவரி 1, டல்லாஸ் மறுபடியும். இரண்டு அணிகளும் 8-7. வென்றவருக்குப் பிரிவு, தோற்றவருக்கு வீடு. 31-14. இது பிளேஆஃப் இல்லைதான், ஆனால் ஜயன்ட்ஸுக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

அட்லாண்டா: 24-2. அந்த இரண்டு புள்ளியும் ஈலை தந்த தானம். தன் எல்லைப் பகுதிக்குள் மாட்டிக்கொண்டு பந்தை வெற்றிடத்தில் எறிந்தார், விதிப்படி அது சேஃப்டி. தற்காப்பு விட்டுக்கொடுத்தது பூஜ்யம்.

கிரீன் பே: 15-1 என்ற கணக்கோடு இருந்த நடப்புச் சாம்பியன், அவர்கள் மைதானம். முதல் பாதியின் கடைசி நொடியில் ஈலை கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோல் எறிந்த 37 யார்டு பந்தைக் கூட்டத்துக்கு நடுவே எகிறிப் பிடித்தார் ஹக்கீம் நிக்ஸ். 37-20.

சான் ஃபிரான்சிஸ்கோ: மழை, சேறு, கூடுதல் நேரம். ஈலை 58 முறை பந்தை எறிந்தார், ஆறு முறை அவரைச் சாய்த்தார்கள். ஒரு பந்தையும் எதிரணிக்குத் தரவில்லை. எழுந்து எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்ற அந்த மாலைதான் அவருடைய சிறந்த ஆட்டம் என்பேன், இறுதியாட்டம் அல்ல. எதிரணியில் உதைபந்தை வாங்கும் கைல் வில்லியம்ஸ் இரண்டு முறை தடுமாறினார். இரண்டு முறையும் பந்தை எடுத்தவர் டெவின் தாமஸ். லாரன்ஸ் டைன்ஸ் 31 யார்டிலிருந்து உதைத்து 20-17. தோற்ற பிறகு கைல் வில்லியம்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. விளையாட்டு ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் நாட்களில் அதுவும் ஒன்று.

இறுதியாட்டத்தில் டச்டவுன் அடிக்காதே என்று ஈலையே கத்தினாராமே? ஏன்?

இந்த விளையாட்டு ஏன் சதுரங்கத்துக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

பேட்ரியட்ஸின் முதல் ஆட்டநகர்விலேயே டக் துரத்த, பிரேடி பந்தை ஆளில்லாத இடத்தில் எறிந்தார், சேஃப்டி. அட்லாண்டாவுக்கு ஈலை தந்த அதே தானம் இப்போது திரும்பி வந்தது. ஈலை தன் முதல் ஒன்பது பாஸ்களையும் சரியாகச் சேர்த்து, 9-0 ஆனது. பிறகு பிரேடி விழித்துக்கொண்டார், 17-9. இரண்டு ஃபீல்ட் கோல்களால் 17-15. சுமார் நான்கு நிமிடம் இருக்கையில் வெஸ் வெல்கர் கைக்கு வந்த ஒரு பந்து நழுவியது. அதைப் பிடித்திருந்தால் பேட்ரியட்ஸ் நேரத்தை ஓட்டி முடித்திருக்கலாம்.

மூன்று நிமிடம் 46 விநாடி. ஜயன்ட்ஸ் தன் 12 யார்டு கோட்டில். முதல் எறிதலே இடது எல்லைக்கோட்டை ஒட்டி, இரண்டு பேர் காவலுக்கு நடுவே, மேரியோ மேனிங்ஹமுக்கு 38 யார்டு. இரண்டு காலும் கோட்டுக்குள் ஒரு விரற்கடை. பேட்ரியட்ஸ் ஆட்சேபித்துத் தோற்று, ஒரு டைம் அவுட்டையும் இழந்தது.

இனி கணக்கு. ஜயன்ட்ஸ் எதிரணியின் ஆறு யார்டு கோட்டில் நிற்கிறது. இரண்டு புள்ளி பின்னால். மூன்று புள்ளி ஃபீல்ட் கோல் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய நிச்சயம். நேரத்தைக் கடைசிச் சில நொடிவரை ஓடவிட்டு உதைத்தால் பிரேடிக்குப் பந்தே கிடைக்காது. இது பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கும் தெரியும். அதனால் அவர், வரட்டும், உள்ளே விடுங்கள் என்றார். டச்டவுன் போனாலும் பரவாயில்லை, பிரேடிக்கு ஒரு நிமிடம் மிஞ்சட்டும்.

பந்தைக் கையில் கொடுத்த ஈலைக்கு விஷயம் புரிந்து "அடிக்காதே" என்று கத்தினார். பிராட்ஷா எதிரில் கதவு திறந்து கிடக்கிறது. வாழ்நாள் முழுக்க கதவைத் திறக்கப் பழகிய உடம்பு. கோட்டருகே நிற்கப் பார்த்தார், திரும்பினார், வேகம் விடவில்லை. பின்பக்கமாக உட்கார்ந்தபடியே உள்ளே விழுந்தார். சூப்பர் பவுலை வென்ற டச்டவுனை அடித்தவர் அதை அடிக்க விரும்பவில்லை! 21-17, பிரேடிக்கு 57 விநாடி. கடைசி எறிதல் கூட்டத்துக்கு நடுவே தட்டுப்பட்டுத் தரையில் விழுந்தது. ராப் கிரான்கவ்ஸ்கி எட்டிப் பாய்ந்தும் கைக்கு வரவில்லை.

அந்த மைதானம் ஈலையின் அண்ணன் பேட்டனின் சொந்த மைதானம். கழுத்து அறுவை சிகிச்சையால் பேட்டன் அந்த ஆண்டு முழுக்க ஆடவில்லை. தம்பி அங்கே ஆட்டநாயகன் விருது வாங்கினார்.

எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம்தானே?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று டல்லாஸ் ரசிகர்கள் சொல்வார்கள். ஆஸ்டினின் விளக்கு வெளிச்சம், கைல் வில்லியம்ஸின் தடுமாற்றம், வெல்கரின் நழுவல் என்று எண்ணிக்கொண்டே போகலாம். மறுக்க மாட்டேன். ஆனால் அதே அணிக்கு எதிராகவும் பனம்பழம் விழுந்திருக்கிறது. ராட்ஜர்ஸின் அந்த ஒரு நிமிடம் எங்கே போயிற்று? நெருக்கமான ஆட்டங்களை நிறைய ஆடும் அணிக்கு இரண்டு பக்கமும் விழும். 9-7 என்பது பொய்க் கணக்கு இல்லை. அது காயம்பட்ட ஜயன்ட்ஸின் சரியான விலை. பிளேஆஃபில் ஆடியது காயம் ஆறிய ஜயன்ட்ஸ்.

2007 சீசனோடு ஒப்பிட்டால்?

2007-ல் 10-6, எதிரில் 18 ஆட்டமும் வென்று வந்த அதே பேட்ரியட்ஸ், 17-14. அதிர்ச்சி என்றால் அதுதான் பெரிது. ஏற்ற இறக்கம் என்றால் 2011.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

இறுதியாட்டம் என்று சொல்வேன் என்று நினைப்பீர்கள். இல்லை, டிசம்பர் 11 டல்லாஸ் ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடம். விதிகள் தெரியாதவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

அடுத்த ஆண்டு என்ன செய்தார்கள்?

2012-ல் நியூ ஆர்லியன்ஸை 52-27 என்று அடித்தார்கள், அடுத்த வாரமே அட்லாண்டாவிடம் 34-0 என்று வாங்கினார்கள். மொத்தம் அடித்தது 429, வாங்கியது 344. மைனஸ் 6 இருந்த இடத்தில் பிளஸ் 85. வெற்றி தோல்விக் கணக்கு மறுபடியும் அதே 9-7. வாஷிங்டன் 10-6 எடுத்துப் பிரிவை வென்றது. ஜயன்ட்ஸுக்கு பிளேஆஃபில் இடமில்லை.